ஐந்து நாளில் ட்ரோன் பைலட் ஆகலாம்; ஆறாவது நாள் வேலை எங்கே?

‘ஐந்தே நாள் பயிற்சி, கையில் மத்திய அரசு அங்கீகாரம் பெற்ற சான்றிதழ், கைநிறையச் சம்பளம்.’ ட்ரோன் பைலட் பயிற்சிக்கு இந்த மாதிரி விளம்பரங்கள் போனைத் திறந்தாலே வரிசையாக வந்து நிற்கின்றன. அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிஃப்ட் முடித்து பஸ்ஸுக்கு நிற்கும் டிப்ளமோ இளைஞர், ஆவடியிலிருந்து மின்சார ரயிலில் தினமும் வேலைக்குப் போய்வரும் பட்டதாரி, பூந்தமல்லியில் கல்யாண வீடியோ எடுப்பவர் என எல்லோருக்கும் மனதில் ஓடுவது ஒரே கேள்விதான்: சேரலாமா, வேண்டாமா?

சேரலாம். ஆனால், சான்றிதழே வேலை என்று நினைத்துச் சேரக் கூடாது. டிரைவிங் லைசென்ஸ் எடுத்த மறுநாளே யாரும் டிராவல்ஸ் முதலாளி ஆகிவிடுவதில்லை. வண்டி வேண்டும், சவாரி வேண்டும், வழி தெரிய வேண்டும். ட்ரோனிலும் இதே கதைதான். இதைச் சொல்லாமல் விடுவதுதான் இன்றைய பயிற்சிச் சந்தையின் பெரிய குறை.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் ட்ரோன் பறக்கவிடுவதை ஒழுங்குபடுத்துவது 2021 ஆகஸ்ட் 25 அன்று அறிவிக்கப்பட்ட ட்ரோன் விதிகள். எடையை வைத்து ட்ரோன்கள் ஐந்து வகை: 250 கிராம் வரை நானோ, 2 கிலோ வரை மைக்ரோ, 25 கிலோ வரை ஸ்மால், 150 கிலோ வரை மீடியம், அதற்கு மேல் லார்ஜ். நானோ ட்ரோனுக்கும், பணம் வாங்காமல் சொந்த உபயோகத்துக்குப் பறக்கவிடும் மைக்ரோ ட்ரோனுக்கும் பைலட் சான்றிதழ் தேவையில்லை. மற்ற எல்லாவற்றுக்கும் தேவை. அதாவது, ஒரு கிலோ எடையுள்ள ட்ரோனைக் கொண்டு கூலிக்குக் கல்யாண வீடியோ எடுத்தால் சான்றிதழ் இருந்தாக வேண்டும்.

முதலில் இதற்கு ‘லைசென்ஸ்’ என்று பெயர். 2022 பிப்ரவரியில் விதிகள் திருத்தப்பட்டு, ‘ரிமோட் பைலட் சர்ட்டிஃபிகேட்’ என்று ஆனது. விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டிஜிசிஏவின் அங்கீகாரம் பெற்ற பயிற்சி நிறுவனமே இதை அரசுத் தளத்தின் வழியாக வழங்கும். வயது 18 முதல் 65 வரை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி போதும். செல்லுபடியாகும் காலம் பத்து ஆண்டுகள். பாஸ்போர்ட் கட்டாயம் என்று இருந்ததும் 2023 செப்டம்பரில் தளர்த்தப்பட்டது. வாக்காளர் அட்டை, ரேஷன் கார்டு, டிரைவிங் லைசென்ஸ் போன்ற ஆவணங்களே போதும்.

இதெல்லாம் நல்ல மாற்றங்கள்தான். கிராமத்துப் பெண் ஒருவர் பாஸ்போர்ட் ஆபீஸ் ஏறாமலே பைலட் ஆகலாம் என்பது சின்ன விஷயம் அல்ல. ஆனால், கதவு அகலமாகத் திறந்திருந்தால் உள்ளே வரும் கூட்டமும் அதிகமாகும். அப்போது சான்றிதழுக்கு இருக்கும் தனி மதிப்பு குறையும். விளம்பரங்கள் இதைச் சொல்வதில்லை.

ஒரு லட்சம் பைலட் கணக்கு

2022 மே மாதம் அப்போதைய விமானப் போக்குவரத்து அமைச்சர் ஜோதிராதித்ய சிந்தியா, வரும் ஆண்டுகளில் நாட்டுக்குச் சுமார் ஒரு லட்சம் ட்ரோன் பைலட்கள் தேவைப்படுவார்கள் என்றார். கல்லூரிப் பட்டம் வேண்டாம், இரண்டு மூன்று மாதப் பயிற்சியில் மாதம் சுமார் 30,000 ரூபாய் சம்பளம் என்பதும் அவர் சொன்னதுதான். பல பயிற்சி விளம்பரங்கள் இன்னமும் அந்த ஒரு லட்சத்தைப் பிடித்துக்கொண்டுதான் ஓடுகின்றன.

உண்மையில் நடந்தது என்ன? 2025 ஜனவரி இறுதியில் நாடு முழுவதும் பதிவான ட்ரோன்கள் சுமார் 29,500. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 4,600. டெல்லிக்கு அடுத்து நாட்டிலேயே இரண்டாம் இடம். அதே காலத்தில் வழங்கப்பட்டிருந்த பைலட் சான்றிதழ்கள் 22 ஆயிரத்துக்கும் மேல்.

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் விஷயம் புரியும். ஒரு பைலட் இரண்டு மூன்று ட்ரோன்களை மாற்றி மாற்றி ஓட்ட முடியும். பதிவான எல்லா ட்ரோனும் தினமும் பறப்பதும் இல்லை. அப்படியிருக்க, ‘பைலட் கிடைக்காமல் கம்பெனிகள் தவிக்கின்றன’ என்ற பேச்சுக்கு இந்த எண்கள் துணை நிற்கவில்லை. தமிழ்நாட்டில் ட்ரோன்கள் அதிகம் என்பது நல்ல செய்தி. ஆனால் வேலை, ட்ரோனையும் வாடிக்கையாளரையும் வைத்திருப்பவரிடம் இருக்கிறது. சான்றிதழ் மட்டும் வைத்திருப்பவர் அவர் வாசலில் வரிசையில் நிற்கிறார்.

வயலில் எவ்வளவு வருமானம்?

விளம்பரங்களில் அடிக்கடி வரும் இன்னொரு படம், நெல் வயலுக்கு மேல் மருந்து தெளிக்கும் ட்ரோன். இதற்கு மத்திய அரசின் திட்டக் கணக்கே நம் கையில் இருக்கிறது. ‘நமோ ட்ரோன் தீதி’ திட்டத்தில் 15,000 மகளிர் சுய உதவிக் குழுக்களுக்கு ட்ரோன் கொடுக்க 1,261 கோடி ரூபாய் ஒதுக்க மத்திய அமைச்சரவை 2023 நவம்பரில் ஒப்புதல் அளித்தது. ட்ரோன் விலையில் 80 சதவீதம், அதிகபட்சம் 8 லட்சம் ரூபாய் மானியம். குழுவில் ஒருவருக்கு 15 நாள் பயிற்சி: ஐந்து நாள் பைலட் பயிற்சி, பத்து நாள் உரம், பூச்சிமருந்து தெளிப்புப் பயிற்சி.

அந்தத் திட்டத்தில் அரசு எதிர்பார்த்த கூடுதல் வருமானம், ஒரு குழுவுக்கு ஆண்டுக்குக் குறைந்தது ஒரு லட்சம் ரூபாய். மாதத்துக்குப் பிரித்தால் எட்டாயிரத்துச் சொச்சம். பெரும்பங்கு மானியத்தில் ட்ரோன் கிடைத்த பிறகும் அரசு உறுதியாகப் பேசியது இந்த அளவுதான்.

ஏன் இவ்வளவு குறைவு? வேலை இருக்கும் நாட்கள் குறைவு என்பதால். ஆவடி, பூந்தமல்லி இருக்கும் திருவள்ளூர் மாவட்டத்தில் நெல்லுக்குச் சொர்ணவாரி, சம்பா, நவரை என்று பட்டங்கள் உண்டு. ஒவ்வொரு பட்டத்திலும் மருந்து தெளிக்கும் நாட்கள் கொஞ்சம்தான். அந்த நாட்களில் எல்லா விவசாயிக்கும் ஒரே நேரத்தில் ட்ரோன் வேண்டும். மற்ற நாட்களில் யாருக்கும் வேண்டாம். மழை வந்தாலும், காற்று தூக்கலாக இருந்தாலும் அன்றைய வேலை போச்சு.

ஒரு கணக்குக்கு, ஏக்கருக்கு 500 ரூபாய் கூலி, ஒரு நாளைக்கு 20 ஏக்கர் என்று வைத்துக்கொள்வோம். நாளுக்குப் பத்தாயிரம் ரூபாய். கேட்கவே நன்றாக இருக்கும். அதில் ட்ரோனையும் ஜெனரேட்டரையும் ஏற்றிச் செல்லும் வண்டிக்கு டீசல், உதவியாளர் கூலி, இன்சூரன்ஸ், ட்ரோன் கடனுக்கு வட்டி எல்லாம் கழிய வேண்டும். மருந்துத் தொட்டி நிறைந்த ட்ரோன் ஒரு பேட்டரியில் சில நிமிடங்கள்தான் பறக்கும் என்பதால் பல பேட்டரிகள் வேண்டும். சில நூறு முறை சார்ஜ் ஏறி இறங்கினால் அவற்றையும் மாற்றியாக வேண்டும். இந்தச் செலவுகளைத் தாங்குபவர் ட்ரோன் உரிமையாளர். கூலிக்கு ஓட்டும் பைலட்டுக்கு வருவது நாள் சம்பளம். அதுவும் சீசனில் மட்டும்.

அப்படியானால் வேலை எங்கே இருக்கிறது?

இருக்கிறது. ‘பைலட்’ என்ற பெயரில்தான் அதிகம் இல்லை.

தேசிய நெடுஞ்சாலைத் திட்டங்களின் பணி முன்னேற்றத்தை மாதந்தோறும் ட்ரோன் வீடியோவில் பதிவு செய்வதை நெடுஞ்சாலை ஆணையம் 2021இல் கட்டாயமாக்கியது. கிராமக் குடியிருப்புகளை அளந்து சொத்து அட்டை தரும் ‘ஸ்வாமித்வா’ திட்டம் 2020 ஏப்ரலில் தொடங்கியது; அந்த அளவையே ட்ரோன் மூலம்தான். சென்னை காவல் துறை 2023இல் அடையாறில் தனி ட்ரோன் பிரிவு தொடங்கியது. சோலார் பண்ணைகளில் பழுதான பேனலைக் கண்டுபிடிக்க வெப்பக் கேமரா பொருத்திய ட்ரோன்கள் பறக்கின்றன.

இந்த வேலைகளில் பறக்கவிடும் நேரம் மிகக் கொஞ்சம். ஒரு நிலத்தை அளக்க ட்ரோன் அரை மணி நேரம் சுற்றினால், அதற்கு முன் தரையில் குறியீட்டுப் புள்ளிகள் வைத்து அவற்றைத் துல்லியமாக அளக்க வேண்டும். அதற்குப் பின் நூற்றுக்கணக்கான படங்களை ஒன்றாகச் சேர்த்து வரைபடமாக்க வேண்டும். உயரம், பரப்பு, மண் அளவு கணக்கிட வேண்டும். இதற்கெல்லாம் சர்வே தெரிய வேண்டும், ஜிஐஎஸ் மென்பொருள் தெரிய வேண்டும். சம்பளம் அந்த அறிவுக்குத்தான். ட்ரோனோ, பெரும்பாலும் போட்டுவைத்த பாதையில் தானாகவே பறந்துவிட்டு வந்துவிடும்.

கம்பெனி தேடுவதும் அப்படிப்பட்ட ஆளைத்தான்: ட்ரோனும் ஓட்டத் தெரிந்த சர்வேயர், ட்ரோனும் ஓட்டத் தெரிந்த எலெக்ட்ரீஷியன், ட்ரோனும் ஓட்டத் தெரிந்த வேளாண் பட்டதாரி, வீடியோ எடிட்டர். கையில் ஏற்கெனவே ஒரு தொழில் இருப்பவருக்கு இந்தச் சான்றிதழ் சம்பளத்தை உயர்த்தும். வேறெதுவும் கையில் இல்லாதவருக்கு அது பெரும்பாலும் சுவரில் மாட்டும் ஃப்ரேமாகத்தான் நிற்கும்.

மேற்குச் சென்னையின் பலம் தரையில்

அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960களில் உருவானது. லேத், சிஎன்சி, பிளாஸ்டிக் மோல்டிங், சர்க்யூட் போர்டு, வயரிங் என்று எந்தப் பாகத்துக்கும் ஒரு பட்டறை அங்கே உண்டு. ஆவடியில் கனரக வாகனத் தொழிற்சாலை, இன்ஜின் தொழிற்சாலை, டிஆர்டிஓவின் போர் வாகன ஆராய்ச்சி நிறுவனமான சிவிஆர்டிஇ எல்லாம் இருக்கின்றன. ‘தபஸ்’ ஆளில்லா விமானத்துக்கு, மேலே போனதும் சக்கரத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும் லேண்டிங் கியரை உருவாக்கியது இந்த சிவிஆர்டிஇதான். டேங்குக்குப் பேர்போன ஊர், ஆளில்லா விமானத்துக்கும் கால் கொடுத்திருக்கிறது.

இதோடு 2022 பிப்ரவரி 9 அன்று வந்த அறிவிப்பையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஆராய்ச்சி, பாதுகாப்புத் தேவைகள் தவிர, வெளிநாட்டு ட்ரோன்களை முழுதாகவோ, பிரித்துக் கொண்டுவந்து இங்கே பூட்டும் செட்டாகவோ இறக்குமதி செய்ய மத்திய அரசு தடை போட்டது. உதிரிபாகங்களுக்குத் தடை இல்லை. ஆகவே ட்ரோனை இங்கேதான் வடிவமைத்துப் பூட்ட வேண்டும். இங்கேதான் பழுதும் பார்க்க வேண்டும். விழுந்த ட்ரோனின் கையை மாற்ற, மோட்டார் சுருளைச் சோதிக்க, பேட்டரியின் ஆரோக்கியத்தைப் பார்க்க, மென்பொருளைச் சீர்செய்ய ஆள் வேண்டும். பட்டம் முடிந்தாலும் இந்த வேலை நிற்காது. சொல்லப்போனால், சீசன் முடிந்த பிறகுதான் சர்வீஸ் வேலை கூடும்.

பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலையில் போனால் ஸ்ரீபெரும்புதூர். அதன் அருகே வல்லம் வடகால் சிப்காட்டில், ஆளில்லா விமானங்களுக்கான பொதுச் சோதனை மையத்தைச் சுமார் 45 கோடி ரூபாயில் அமைக்கும் திட்டம், பாதுகாப்பு அமைச்சகத்தின் உதவியுடன் டிட்கோ வழியாக முன்னெடுக்கப்பட்டது. இன்னொரு பக்கம், குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தின் வான்வெளி ஆராய்ச்சி மையம் பல ஆண்டுகளாக ட்ரோன் செய்துவருகிறது. தமிழ்நாடு அரசின் ஆளில்லா விமானக் கழகமும் அங்கேதான் இயங்குகிறது. அம்பத்தூரிலிருந்து பைபாஸ் பிடித்தால் அந்தப் பக்கம் போய்விடலாம்.

தயாரிப்பு, சோதனை, ஆராய்ச்சி மூன்றும் எட்டும் தூரத்தில் இருக்கும்போது, இந்தப் பகுதி இளைஞரிடம் ‘ஓட்ட மட்டும் கத்துக்கோ’ என்று சொல்வது பாதி வழியில் இறக்கிவிடுவது மாதிரி.

இங்கே பறக்கவிடுவதும் சுலபம் இல்லை

விதிகளின்படி வான்வெளி பச்சை, மஞ்சள், சிவப்பு என மூன்று மண்டலங்கள். விமான நிலையச் சுற்றுச்சுவரிலிருந்து 5 கி.மீ. முதல் 8 கி.மீ. வரை தரையிலிருந்தே மஞ்சள். அனுமதி வாங்காமல் பறக்கவிட முடியாது. 8 முதல் 12 கி.மீ. வரை 200 அடி உயரம் வரைதான் பச்சை. அதற்கும் வெளியே 400 அடி வரை. சிவப்பில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் பறக்கவே கூடாது.

மீனம்பாக்கத்திலிருந்து பூந்தமல்லி நேர்கோட்டில் சுமார் 10 கி.மீ.தான். போரூர் பக்கம் இன்னும் நெருக்கம். ஆவடி விமான நிலையத்துக்குத் தூரம் என்றாலும், சுற்றிலும் பாதுகாப்புத் துறை நிறுவனங்கள், விமானப்படைத் தளம், சிஆர்பிஎஃப் வளாகம். அரசின் வான்வெளி வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் ட்ரோனுக்குப் பேட்டரி மாட்டவே கூடாத ஊர் அது. விதியை மீறினால் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம் உண்டு. வீட்டு மாடியில் நின்று தினமும் பழகிக் கை தேறிவிடலாம் என்று கணக்குப் போடுபவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். ஐந்து நாள் பயிற்சிக்குப் பிறகு பழக இடம் இல்லை என்றால், கற்றதும் சீக்கிரமே கைவிட்டுப் போகும்.

பணம் கட்டும் முன் கேட்க வேண்டியவை

பயிற்சிக் கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். பல பத்தாயிரங்கள் ஆகும். சில வீடுகளில் நகையை அடகு வைத்துத்தான் அந்தப் பணம் வரும். எனவே வெட்கப்படாமல் கேட்க வேண்டிய கேள்விகள் சில:

– டிஜிசிஏ இணையதளத்தில் உள்ள அங்கீகாரப் பட்டியலில் இந்த நிறுவனத்தின் பெயர் இருக்கிறதா? இரண்டு மூன்று நாள் ‘ஒர்க்‌ஷாப்’ முடித்துத் தரும் பங்கேற்புச் சான்றிதழ் வேறு, ரிமோட் பைலட் சான்றிதழ் வேறு.

– எந்த வகை, எந்த எடைப் பிரிவு ட்ரோனுக்குச் சான்றிதழ்? அதில் குறிப்பிட்ட வகைக்குத்தான் அது செல்லும்.

– ஒரு மாணவர் உண்மையான ட்ரோனை எத்தனை மணி நேரம் கையில் பிடிப்பார்? சிமுலேட்டர் நேரம் எவ்வளவு? ஒரு பயிற்றுநருக்கு எத்தனை பேர்?

– போன பேட்சில் படித்தவர்களில் எத்தனை பேருக்கு வேலை, எந்த வேலை, என்ன சம்பளம்? ‘பிளேஸ்மென்ட் அசிஸ்டன்ஸ்’ என்பது வேலைக்கு உத்தரவாதம் இல்லை.

– ட்ரோன் வாங்கும் எண்ணம் இருந்தால், அதற்கு டைப் சர்ட்டிஃபிகேட் இருக்கிறதா? பதிவு எண்ணும் மூன்றாம் நபர் இன்சூரன்ஸும் கிடைக்குமா? ட்ரோனுக்குப் பதிவு இல்லை என்றால், பைலட்டுக்குச் சான்றிதழ் இருந்தும் பயனில்லை.

கட்டணம் கட்ட முடியாதவர்கள் அவசரப்பட வேண்டாம். அரசுத் துறைகள் அவ்வப்போது அறிவிக்கும் இலவச, மானியப் பயிற்சிகளைக் கவனித்து வந்தாலே கணிசமான பணம் மிஞ்சும்.

அரசு செய்ய வேண்டியது

‘எந்தத் தொழிலும் முதலில் இப்படித்தான் இருக்கும், சந்தை மெதுவாக வளரும்’ என்று சொல்பவர்களும் உண்டு. அதில் நியாயம் இருக்கிறது. விதிகள் தளர்கின்றன, துறைக்குத் துறை ட்ரோன் நுழைகிறது. ஆனால், சந்தை வளரும்வரை காத்திருக்கும் செலவை யார் சுமப்பது என்பதுதான் பிரச்சினை. இன்று அதைச் சுமப்பவர் கடன் வாங்கிக் கட்டணம் கட்டிய இருபத்திரண்டு வயது இளைஞர். பயிற்சி நிறுவனத்துக்கு ஐந்தாவது நாளோடு கணக்கு முடிந்துவிடுகிறது.

2022 மத்திய பட்ஜெட்டில், எல்லா மாநிலங்களிலும் தேர்ந்தெடுத்த ஐடிஐகளில் ட்ரோன் திறன் படிப்புகள் தொடங்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. தமிழ்நாட்டில் 71 அரசு ஐடிஐகள் டாடா டெக்னாலஜிஸுடன் சேர்ந்து 2,877 கோடி ரூபாய் திட்டத்தில் நவீனமாக்கப்பட்டன. இந்த இரண்டையும் இணைக்க அம்பத்தூரைவிடப் பொருத்தமான இடம் கிடைப்பது கடினம். அரசு ஐடிஐ அங்கேயே இருக்கிறது, பட்டறைகள் சுற்றி இருக்கின்றன. பூட்டுதல், பழுதுபார்த்தல், படத்தரவு ஆகியவற்றில் ஆறு மாதம், அதன் நடுவில் ஐந்து நாள் பைலட் பயிற்சி, முடிவில் ஒரு நிறுவனத்தில் உதவித்தொகையோடு அப்ரண்டிஸ் என்று ஒரு படிப்பை அமைத்தால், வெளியே வருபவருக்கு இரண்டு கையிலும் தொழில் இருக்கும். பறக்கப் பழக, மண்டல விதிகளுக்குள் வரும் ஒரு பொது மைதானத்தையும் திருவள்ளூர் மாவட்டத்தில் ஒதுக்கித் தரலாம். தனியார் பயிற்சி நிறுவனங்கள், ஒவ்வொரு பேட்சுக்கும் எத்தனை பேர் வேலைக்குப் போனார்கள் என்ற எண்ணை வெளியிட வேண்டும் என்று டிஜிசிஏ ஒரு வரி உத்தரவு போட்டாலே பாதி விளம்பரங்கள் அடங்கிவிடும்.

அது நடக்கும்வரை, சேர நினைப்பவர் ஒரு சின்ன வேலையைச் செய்து பார்க்கலாம். ‘ட்ரோன் பைலட்’ என்ற சொல்லை விட்டுவிட்டு, ஏற்கெனவே தெரிந்த தொழிலின் பெயரோடு ‘ட்ரோன்’ என்று சேர்த்து வேலைத் தளங்களில் தேடிப் பார்க்க வேண்டும். கிடைக்கும் அறிவிப்புகளில் வேறு என்னென்ன கேட்கிறார்கள் என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்தப் பட்டியலில் பாதியாவது கையில் வந்த பிறகு கட்டணம் கட்டினால், அந்தப் பணம் வீண் போகாது.